வண்டியும் வயதும்

இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது பெரிய தத்துவம் ஒன்றுமன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினேன். அதை ஏன் விற்றேன், இதை ஏன் வாங்கினேன் என்பதே விஷயம். எனினும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களிலும், பிரிக்பீல்ட்ஸ் போன்ற பட்டணப் பகுதிகளிலும் நம்மவரில் அநேகருக்கு மோட்டார் சைக்கிள்தான் காலும் கையுமாக இருக்கிறது. ஒருவன் பட்ட அனுபவம் இன்னொருவருக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தினால் எழுதத் துணிந்தேன்.

இருபத்து நான்காம் வயதில், கிராணி வேலையில் அமர்ந்த முதலாண்டிலேயே, 150 சி.சி. வேகவண்டி ஒன்றை வாங்கினேன். தோட்டத்தில் வேறெவரிடமும் அத்தகைய வண்டி அப்போது இல்லை. அந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதில் ஏறினால் முதுகு முன்னோக்கி வளையும், முழங்கால் மடங்கும், பின்னிருக்கை உயர்ந்து, அதில் உட்காருபவர் ஓட்டுபவர் மேல் சரிந்து விழும்படி இருக்கும். இவையெல்லாம் குறைகள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பந்தய வீரனைப்போல் தோன்றுகிறோம் என்ற மயக்கமே மேலோங்கி நின்றது.

அதை வாங்கியது தவணை முறையில். கணக்கெழுதிப் பிழைக்கும் நான் அந்தக் கணக்கை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. நான் கையெழுத்திட்ட முறையில், தொடக்கத்தில் வாங்கிய முழுக் கடன் மீதே கடைசி மாதம் வரை வட்டி. எடுத்துக்காட்டாக, 10,000 வெள்ளி கடன், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 5,000 வெள்ளி. மாதந்தோறும் 250 வெள்ளி கட்டவேண்டும். பாதிக் கடன் அடைந்த பிறகும் முழுக் கடனுக்கே வட்டி கட்டுவதால், நூற்றுக்குப் பத்து என்று சொல்லப்படுவது உண்மையில் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்காகி விடுகிறது. இந்த உண்மை எனக்கு விளங்கியபோது தவணை முடிந்து இரண்டாண்டு ஆகியிருந்தது.

இத்தனைக்கும் அந்த வண்டியை நான் விற்க நினைக்கவில்லை. விற்கத் தூண்டியவர் ஒரு கிழவர்.

எங்கள் தோட்டத்தில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பேரனோடு தங்கியிருப்பவர். தினமும் காலையில் பசுவுக்குப் புல் அறுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகச் செல்லும் செம்மண் சாலையில் வருவார். பெரட்டு முடிந்து நான் ஆபீசுக்குத் திரும்பும் வேளையும் அதுவே. என் வண்டியைக் கண்டதும் அவர் சைக்கிளை விட்டு இறங்கி, கரையோரம் ஒதுங்கி நிற்பார். நான் தலையசைத்துவிட்டுப் போவேன். கிராணி என்ற உத்தியோகத்துக்குக் காட்டும் மரியாதை என்றே எண்ணியிருந்தேன். உண்மையைச் சொல்லப்போனால், அதில் எனக்கு உள்ளூரச் சிறிது மகிழ்ச்சியும் இருந்தது.

சென்ற ஆண்டு ஒருநாள் என்ன தோன்றிற்றோ, வண்டியை நிறுத்தினேன். “தாத்தா, என்னைக் கண்டு நீங்கள் இறங்க வேண்டாம். அந்தக் காலமெல்லாம் போய்விட்டது” என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டோம் என்று எனக்கு நினைப்பு.

பெரியவர் புல்கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “எங்கப்பா கிராணிக்குப் பயந்து சைக்கிளை விட்டு இறங்கினாருங்க ஐயா. நான் உங்க வண்டிக்குப் பயந்து இறங்குறேன். நீங்க வர்ற வேகத்துல, இறங்கலைன்னா வாய்க்கால்லதான் கிடக்கணும்.”

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்கோ அன்று முழுவதும் பேரேட்டில் கண் ஓடவில்லை.

அந்தச் சொல்லின் முழுப் பொருளும் விளங்கவேண்டுமாயின், வாசகர்கள் 1941-ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு இதே கிள்ளான் மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதற்கு வழிகாட்டினர். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையையும் அவர்கள் முன்வைத்தனர். துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் துருப்புகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர்துறந்தனர்.

கூலி உயர்வு கேட்டது வயிற்றுக்காக என்றால், சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையைக் கேட்டது மானத்துக்காக. ஆசிய உத்தியோகஸ்தர் என்ற சொல்லில் கிராணியும் அடக்கம் என்பதை நான் மறக்கலாகாது. அத்தனை பேர் பாடுபட்டு ஒழித்த வழக்கத்தை, வாயால் ஓர் உத்தரவும் இடாமலே, என் வண்டியின் வேகத்தால் நான் அந்தச் சாலையில் மீண்டும் நடத்தி வந்திருக்கிறேன்!

அன்றிரவு பழைய கணக்குப் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பெரட்டுக் களத்திலிருந்து ஆபீசுக்கு மூன்று கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்று நிமிஷம். 30-இல் போனால் ஆறு நிமிஷம். மூன்று நிமிஷ லாபத்துக்காக எண்பது வயதுக் கிழவரை நாள்தோறும் வாய்க்கால் கரைக்கு ஒதுக்கியிருக்கிறேன். அந்த மூன்று நிமிஷத்தை ஆபீசில் என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து, கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டர். மணிக்கு 60 வேகத்தில் 32 நிமிஷம். 90 வேகத்தில் சுமார் 21 நிமிஷம். மிச்சம் பதினொரு நிமிஷம். ஆனால் 60 வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டரும், 90 வேகத்தில் போகும் வண்டி 25 மீட்டரும் கடந்துவிடுகின்றன. ஆபத்தைக் கண்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடி பிடிக்கும். பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஒன்றரை மடங்கானால், நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்காகும். இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த பௌதிகந்தான். ஆயினும் வண்டியில் ஏறியதும் மறந்துபோகிறது. 2019-ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் மாண்டவர் 6,167 பேர். அவர்களில் பாதிக்கும் மிகையானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் தோட்டங்களிலும் வீடமைப்புகளிலும் வாலிபப் பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டிருக்கும் வீட்டை எவரும் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை.

வண்டியை மாற்றுவதென்று தீர்மானித்தபின், எந்த வண்டி என்ற கேள்வி எழுந்தது. இம்முறை கடைக்குப் போகுமுன் கணக்கை முடிக்க நினைத்தேன். என் வாரத்துப் பிரயாணத்தை எழுதிப் பார்த்தேன். ஆறு நாளும் தோட்ட வேலைக்காக 90 கிலோமீட்டர். எங்கள் தோட்டம் கிள்ளானுக்கு அப்பால் 12 கிலோமீட்டர். வாரம் இருமுறை பட்டணம் போய்வர 48. மாதம் இருமுறை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்வருவதை வாரக் கணக்கில் பிரித்தால் 44. ஆக மொத்தம் 182 கிலோமீட்டர். இதில் சரிபாதி, 30-க்குமேல் ஓட்டக்கூடாத செம்மண் சாலை. வேகத்துக்கு இடமுள்ள நெடுஞ்சாலை கால்பங்குகூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கால்பங்குக்காக வண்டி வாங்கி, முக்கால் பங்கையும் அதில் அவதியோடு கழித்திருக்கிறேன்!

என் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, 250 சி.சி. பெரிய வண்டி. இந்நாட்டில் பி2 லைசென்ஸ் 250 சி.சி. வரை அனுமதிப்பதால், கையில் சிறிது காசு சேர்ந்ததும் நம்மவர் பலர் அதன் மேல் கண் வைக்கிறார்கள். வயதுக்கேற்ற கம்பீரம் என்று எனக்கும் ஆசை எழுந்தது. கிள்ளானில் ஒரு கடையில் ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். 150 கிலோவுக்கு மேற்பட்ட கனம். வழுவழுப்பான தரையில் அதை நகர்த்தவே தோள் வலித்தது. மழை பெய்து ஊறிய செம்மண்ணில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது இதை யார் தாங்குவது? கம்பீரம் சாலை நடுவே சாய்ந்து கிடக்கும் காட்சி மனக்கண்ணில் தோன்றவே இறங்கிவிட்டேன்.

இரண்டாவது, ஸ்கூட்டர். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. கைப்பிடியை முறுக்கினால் போகும். இருக்கைக்கு அடியில் மழைக்கோட்டும் காய்கறியும் வைக்கலாம். சிலவற்றில் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பும் உண்டு. ஈரச் சாலையில் பதறிப்போய் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரம் வழுக்கும், வண்டி சாயும். இந்த அமைப்போ, சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து, ஒரு விநாடிக்குள் பலமுறை பிடியைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது. மழைக்குப் பெயர்போன நம் நாட்டில் இதன் பயனை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. பட்டணத்திலேயே வசிப்பவர்க்கு, அதிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நின்று நின்று போகிறவர்க்கு, இதுவே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. பள்ளத்தில் இறங்கினால் ஏறுவதற்குச் சிரமப்படும். என் பிரயாணத்தில் பாதி பள்ளமும் மேடும்.

மூன்றாவதே நான் வாங்கியது. மலேசியர் யாவரும் ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கும் 110 சி.சி. சின்ன வண்டி. ‘கப்’ என்பது ஹோண்டாவின் ‘கப்’ வண்டியிலிருந்து வந்தது. அதனோடு சீனரின் ‘சாய்’ என்ற செல்லச் சொல் சேர்ந்துகொண்டது. அதன் மூதாதையான சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. நூடல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டும்படி வண்டி இருக்கவேண்டும் என்று அதன் கர்த்தா சொயிச்சிரோ ஹோண்டா கேட்டதாகச் சொல்வார்கள். அதனாலேயே கையால் இயக்கும் கிளட்ச் அதற்கு வைக்கப்படவில்லை. காலால் கியரை மாற்றினால் போதும். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் பரப்பினார். 1996-இல் கெடா மாநிலத்துக் குருணில் மொடெனாஸ் நிறுவனம் ‘கிரிஸ்’ என்ற வண்டியைச் செய்து, இதே இனத்தில் உள்நாட்டு வண்டி ஒன்றையும் தந்தது. 2017-இல் உலகில் உற்பத்தியான சூப்பர் கப் இன வண்டிகளின் தொகை பத்துக் கோடியை எட்டிற்று. ஏழைக்கென்று செய்த பொருள் இத்தனை கோடிப் பேருக்கு உதவிற்றென்றால், அதில் ஏறுவதற்கு ஒரு கிராணி வெட்கப்படுவது நகைப்புக்குரியதே.

இதன் கனம் நூறு கிலோ அளவுதான். இரு பாதங்களும் தரையில் முழுதாகப் படிகின்றன. சக்கரம் 17 அங்குலம். ஆகவே செம்மண் பள்ளங்களில் அவ்வளவாக அதிர்வதில்லை. பின்னிருக்கை தட்டையானது. எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் இதைப் பழுது பார்க்கத் தெரியாதவர் இல்லை. குறையையும் மறைக்கலாகாது. நான் வாங்கிய வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது. மேடேறும்போதும் பெரிய வண்டியைத் தாண்டும்போதும் வேகம் போதாது. ஆகவே தாண்டாமலே போகக் கற்றுக்கொண்டேன். டயரின் தேய்மானத்தை மாதந்தோறும் பார்க்கிறேன். தவணையின்றி, பழைய வண்டியை விற்ற பணத்தோடு சேமிப்பையும் சேர்த்து வாங்கினேன்.

கடைப் பையன் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்து, “அண்ணே, இது மாமாக்கள் ஓட்டுற வண்டியாச்சே!” என்றான். “நானும் மாமாதான், தம்பி” என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னதும் பெரிய பாரம் ஒன்று இறங்கினாற்போல் இருந்தது.

வீட்டில் வேறொரு தடை காத்திருந்தது. ஆடி மாதத்தில் வண்டி எடுக்கலாகாது என்றார் என் தாயார். எடுப்பதாயின் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கவேண்டும் என்றார். “அம்மா, முன் வண்டிக்கு நல்ல மாதமும் பார்த்தோம், நான்கு பழமும் நசுக்கினோம். மூன்றாம் மாதமே கூட்டரசு நெடுஞ்சாலையில் மழையில் சறுக்கி முழங்கை உரிந்து வந்தேனே! பழத்துக்கு டயர் தேய்ந்தது தெரியுமா? ஆடி ஆவணி என்று சாலைக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். தாயாரின் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. பிள்ளை பத்திரமாகத் திரும்பவேண்டும் என்ற கவலையே அப்படிப் பேசுகிறது. ஆனால் அக்கவலையைத் தீர்க்கும் சக்தி பழத்தில் இல்லை. நல்ல தலைக்கவசத்திலும், பிடிக்கிற பிரேக்கிலும், நிதானத்திலும் இருக்கிறது. தாயார் சிறிது நேரம் பேசாமலிருந்து, “சரி தம்பி, வாங்கின பழத்தை ஊறுகாய் போட்டுவிடுகிறேன்” என்றார்.

அர்ச்சனைக்கும் விருந்துக்கும் ஆகியிருக்கக்கூடிய பணத்தில், என் மனைவிக்கும் எட்டு வயது மகளுக்கும் அவரவர் தலையளவுக்குச் சரியான, சிரிம் முத்திரையுள்ள தலைக்கவசங்கள் வாங்கினேன். தலைக்கவசம் இந்நாட்டில் 1973 முதல் சட்டப்படி கட்டாயம். ஆயினும் தாடைக்கீழ் வாரை மாட்டாமல் தொப்பிபோல் கவிழ்த்துக்கொண்டு போகிறவர் எத்தனை பேர்! விழும்போது முதலில் பறந்துபோவது அதுதான். பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிவதும் தவறு. உள்ளேயிருக்கும் நுரைப் பஞ்சு ஒருமுறை நசுங்கினால், அடுத்த அடியைத் தாங்காது. மேலும், மூவரும் ஒரே வண்டியில் ஏறும் பழக்கத்தையும் அன்றோடு விட்டோம். மூவராகப் போவதானால் பஸ்ஸில் போகிறோம்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை உண்டு. 1970-களில் அமைக்கப்பட்ட அப்பாதை, உலகில் இவ்வகையில் மிக முற்பட்டவற்றுள் ஒன்று. லாரிகளின் தொல்லையிலிருந்து நம்மைக் காப்பாற்றினாலும், குறுகிய வளைவுகளும் மழைநீர் தேங்கும் சுரங்க வழிகளும் அதில் உள்ளன. முன்பெல்லாம் அதில் எவரும் என்னைத் தாண்ட விடமாட்டேன். இப்போது வாலிபர்கள் சீறிக்கொண்டு தாண்டுகிறார்கள். முதல் சில வாரங்கள் மனம் குறுகுறுத்தது, பின்னர் பழகிப்போயிற்று. மழை வலுத்தால் பாலத்தடியில் பாதையை விட்டு நன்றாக ஒதுங்கி நிற்கிறேன். அந்தப் பதினொரு நிமிஷமும் அங்கே போகிறது. போகட்டும்! என் மனைவி இதுபற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “இப்போதுதானுங்க பின்னால் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டு வர முடிகிறது.” பன்னிரண்டு ஆண்டுகள் அவள் என் முதுகுக்குப் பின்னால் பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அன்றே எனக்குத் தெரிந்தது.

புது வண்டியில் சென்ற முதல் வாரமும் பெரியவர் இறங்கித்தான் நின்றார். பழக்கம் எளிதில் போகுமா? இரண்டாம் வாரத்தில் ஒருநாள், வாய்க்கால் திருப்பத்தில் நான் மெள்ள வருவதைப் பார்த்தார். கால் ஊன்றலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. புல்கட்டு சரியாமல் பிடித்துக்கொள்வதிலேயே கருத்தாக இருந்தார்.

மெதுவாகப் போவது முதுமையின் அடையாளம் என்று இளைஞர் நினைக்கலாம். எனக்கு முப்பத்தாறு வயதுதான். ரத்தம் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் நம் வேகத்துக்கான விலையை நாம் மட்டுமே கொடுப்பதில்லை என்பதை அறியும் வயது ஒன்று உண்டு. சிலருக்கு அது இருபதில் வருகிறது. எனக்கு ஒரு கிழவர் சொல்லித்தான் வந்தது. வண்டி வாங்கப் போகும் அன்பர்கள், “இது எவ்வளவு வேகம் போகும்?” என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால், “நான் வரும் வழியில் யார் யார் ஒதுங்கி நிற்க நேரிடும்?” என்று தம்மையே கேட்டுக்கொள்வார்களாக.